கணக்குக்குப் பயந்து சேஃப்டி வேலைக்குப் போன கதை

பத்தாம் வகுப்பில் கணக்கில் 38 மதிப்பெண். பாலிடெக்னிக்கில் முதலாண்டுக் கணக்குத் தாளை மூன்று முறை எழுதித் தோற்றேன். நான்காவது முறை தேர்வு அறைக்குப் போனபோது பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் என் தம்பியின் வகுப்புத் தோழன். அன்றைக்கு முடிவு செய்தேன், இனி எண்கள் இருக்கும் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை என்று. அரியலூர்ப் பக்கம் எங்கள் ஊரைச் சுற்றிலும் சிமெண்ட் ஆலைகள். ஆலை வாசலில் பச்சை ஹெல்மெட் போட்டுக்கொண்டு, போகிறவர் வருகிறவரை நிறுத்தி ஷூவைப் பார்க்கும் ஆட்களைச் சின்ன வயதிலிருந்தே கவனித்திருக்கிறேன். யாரை வேண்டுமானாலும் அதட்டலாம், கையில் கிரீஸ் படாது, கணக்குப் போட வேண்டியதில்லை. சேஃப்டி ஆபீசர் வேலையைப் பற்றி எனக்கு இருந்த அறிவு அவ்வளவுதான்.

2018இல் திருச்சியில் ஒரு தனியார் பயிற்சி மையத்துக்குப் போனேன். வரவேற்பில் இருந்த அம்மையாரிடம் நான் கேட்ட முதல் கேள்வியே "கணக்கு உண்டா?" என்பதுதான். "கூட்டல் கழித்தல்கூடக் கிடையாது தம்பி, ஹெல்மெட் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கிற வேலைதானே" என்று சிரித்தார். கட்டணம் 48,000 ரூபாய். அம்மாவின் தோடும் சங்கிலியும் கூட்டுறவு வங்கிக்கு அடகு போயின. ஆறு மாதப் படிப்பு என்றார்கள். உருப்படியாக நடந்தவை பதினோரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புகள். தீயணைப்புக் கருவியை ஒரே ஒரு முறை கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அதுவும் காலிக் கருவி. முடிவில் தங்க நிற முத்திரையோடு ஆறு சான்றிதழ்கள் கைக்கு வந்தன. அவற்றை எந்தத் தொழிற்சாலையும் சட்டப்படி ஏற்காது என்பது, ஆறையும் லேமினேட் செய்த பிறகுதான் தெரிந்தது.

இங்கே கொஞ்சம் நின்று சொல்லிவிடுகிறேன். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 40பி பிரிவு, ஆயிரம் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் பாதுகாப்பு அலுவலரை நியமிக்கச் சொன்னது. 2020ஆம் ஆண்டின் புதிய சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 500 ஆகவும், அபாயகரமான தொழில் நடக்கும் ஆலைகளுக்கும் கட்டுமானத்துக்கும் 250 ஆகவும் குறைத்திருக்கிறது. அந்த நாற்காலியில் உட்காரப் பொதுவாகக் கேட்பவை இவை: பொறியியல் பட்டத்தோடு இரண்டு ஆண்டு, அல்லது டிப்ளமோவோடு ஐந்து ஆண்டு மேற்பார்வை அனுபவம். அதற்கு மேல், மாநில அரசு அங்கீகரித்த தொழிலகப் பாதுகாப்பு டிப்ளமோ. சென்னைத் தரமணியில் மத்திய அரசின் ரீஜனல் லேபர் இன்ஸ்டிட்யூட் நடத்தும் படிப்பு அந்த வகையைச் சேர்ந்தது. ஆகவே எந்த மையத்தில் பணம் கட்டுவதற்கு முன்பும், அந்தப் படிப்பை அரசு அங்கீகரித்த ஆணையின் நகலைக் கேளுங்கள். "சார் இன்றைக்கு ஊரில் இல்லை" என்ற பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள். போன ஆண்டு படித்தவர்களில் இரண்டு பேருடைய தொலைபேசி எண்ணைக் கேளுங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் புகைப்படம் போதாது. வெளிநாட்டு வேலைக்காக, பிரிட்டனைச் சேர்ந்த நெபோஷ் என்ற அமைப்பின் பாதுகாப்புச் சான்றிதழ் படிக்கப் போகிறவர்கள், அந்தப் பயிற்சி மையம் உண்மையிலேயே அவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று நெபோஷின் சொந்த இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். ஐந்து நிமிட வேலை. அந்தத் தேர்வில் கணக்கு என்று சொல்லும்படி எதுவும் இல்லை, ஆனால் பக்கம் பக்கமாக எழுத வேண்டும். கணக்கு வராது என்பதற்காக வருகிறவர்களுக்கு எழுத்தும் வராது என்றால் அங்கே சிக்கல்தான்.

எனக்கு வேலை எப்படிக் கிடைத்தது என்றால், நான் சேர்ந்தது ஆலை அல்ல. ஒரகடம் பக்கம் கிடங்கு கட்டிக்கொண்டிருந்த ஒரு ஒப்பந்ததாரரிடம், 'சேஃப்டி சூப்பர்வைசர்' என்ற பெயரில், மாதம் 13,500 ரூபாய்க்கு. சைட்டில் 120 பேர்தான். சட்டம் கேட்கும் தகுதி அங்கே தேவைப்படவில்லை. கட்டடத்தின் உரிமையாளர் நிறுவனம் ஒப்பந்தத்தில் "ஒரு சேஃப்டி ஆள் வேண்டும்" என்று எழுதியிருந்தது, அந்த ஆள் நான். முதல் இரண்டு மாதம் பிடித்துத்தான் இருந்தது. காலை 7.30க்கு எல்லோரையும் நிறுத்தி டூல்பாக்ஸ் டாக், அதாவது வேலை தொடங்கும் முன் பாதுகாப்பைப் பற்றிச் சின்னப் பேச்சு. பிறகு ஒர்க் பர்மிட் என்ற வேலை அனுமதிச் சீட்டு எழுதுவது, சாரத்தில் பலகை சரியாகக் கட்டியிருக்கிறதா என்று ஏறிப் பார்ப்பது, உயரத்தில் நிற்பவர் ஹார்னஸ் என்ற பாதுகாப்பு வாரை மாட்டிக்கொண்டு கொக்கியை எங்கும் மாட்டாமல் நிற்பதைக் கண்டுபிடிப்பது. ஆட்களில் முக்கால்வாசிப் பேர் ஒடிசா, பீகார், வங்காளத்திலிருந்து வந்தவர்கள். முதல் வாரம் நான் தமிழில் பேச, அவர்கள் மரியாதையாக என் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தேநீர்க் கடையில் உட்கார்ந்து அவர்களிடமே இந்தி கற்றுக்கொண்டேன். பாதுகாப்பு அலுவலருக்கான விதிகளிலேயே, பெரும்பாலான தொழிலாளர்கள் பேசும் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு தகுதி இருப்பது பிற்பாடுதான் தெரிந்தது. கணக்கு வராதவர்களில் பலருக்கு வாய் நன்றாக வரும். இந்த வேலையில் அந்த வாய்க்கு நிஜமாகவே மதிப்பு உண்டு.

வினை மாத அறிக்கை வடிவில் வந்தது. எத்தனை பேர், எத்தனை மணி நேரம் வேலை செய்தார்கள், எத்தனை விபத்து, அதை வைத்து 'ஃப்ரீக்வென்சி ரேட்' என்ற விபத்து விகிதம் எவ்வளவு என்று ஒரு எக்செல் தாள். எனக்கு முன்னால் இருந்தவர் விட்டுப்போன தாளைத் திறந்தேன். கட்டத்துக்குள் சூத்திரங்களைப் பார்த்ததும் பாலிடெக்னிக் தேர்வு அறையின் மின்விசிறிச் சத்தம் காதில் கேட்டது. மிகைப்படுத்தவில்லை, உள்ளங்கை வியர்த்தது. யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்துவிடுமே! ஜனவரி அறிக்கையின் எண்களை அப்படியே பிப்ரவரிக்கு நகல் எடுத்து, தேதியை மட்டும் மாற்றி அனுப்பினேன்.

அந்த பிப்ரவரியில்தான் ஒடிசாக்காரர் ஒருவரின் காலில் ஆணி ஏறியது. சென்ட்ரிங் பலகையிலிருந்து பிடுங்காமல் விட்ட ஆணி, ஷூவின் அடியைத் துளைத்துக்கொண்டு போய்விட்டது. ஊசி போட்டு, மூன்று நாள் படுத்திருந்தார். நான்தான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். ஆனால் அறிக்கையில் சேர்க்கவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. பூஜ்யம் இருக்கும் இடத்தில் ஒன்று என்று போட்டால் அந்த எண் மற்ற கட்டங்களில் போய் என்னென்ன செய்யுமோ, அதை யாராவது விளக்கச் சொல்வார்களோ என்ற பயம். மாதச் சம்பளம் போடும் நாளில் கணக்காளர் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "விபத்து என்று எதுவும் இல்லையே" என்று மூன்று நாள் கூலியை வெட்டிவிட்டார். அந்த ஒடிசாக்காரர் என்னைத் தேடி வந்து, "சார், நீங்கள்தானே கூட வந்தீர்கள்?" என்று கேட்டார். பார்க்கிறேன் என்றேன். பார்க்கவில்லை.

மார்ச் இரண்டாவது வாரம் உரிமையாளர் நிறுவனத்தின் பாதுகாப்பு மேலாளர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். கோபப்படவில்லை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பிப்ரவரியிலும் உங்கள் ஆட்கள் 31 நாள் வேலை செய்தார்களா?" என்று மட்டும் கேட்டார். கேட் பதிவேடு அவர் மேசையில் இருந்தது. மறுநாள் காலை என் நுழைவு அட்டை வேலை செய்யவில்லை. கடைசி மாதச் சம்பளம் 13,500 ரூபாயும் வரவில்லை.

வீட்டில் சொல்லவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நண்பனின் அறையில் இரண்டரை மாதம் கிடந்தேன். அந்த நேரத்தில்தான் வளைகுடா வேலை வாங்கித் தருகிறேன் என்ற ஒரு ஆள் வந்தார். 1,20,000 கேட்டு, முன்பணமாக 40,000 வாங்கிக்கொண்டு காணாமல் போனார். இதை விவரித்து எழுத வெட்கமாக இருக்கிறது. ஒன்றே ஒன்று: வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற முகவர், வேலைக்குப் போகிறவரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். அவர் பதிவு பெற்றவரா என்பதை மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்க்கலாம். எனக்கு அப்போது இரண்டும் தெரியாது. எல்லாம் சேர்த்தால் 1,01,500 ரூபாய். கணக்கு வராதவனுக்கு இந்தக் கூட்டல் மட்டும் மனப்பாடம்.

பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்து ஆலை ஒன்றில் ஆண்டுப் பராமரிப்புக்கான ஷட்டவுன் வேலை வந்தது. இருபத்தைந்து நாள், தினக்கூலி, 'ஹோல் வாட்ச்'. அதாவது மூடிய தொட்டிக்குள்ளே ஆள் வேலை செய்யும்போது வாசலில் உட்கார்ந்து, உள்ளே போனவர் யார், வெளியே வந்தவர் யார் என்று எழுதுவது. ஏதாவது ஆனால் உள்ளே ஓடாமல் குரல் கொடுத்து மீட்புக் குழுவைக் கூப்பிடுவது. ஒரு அடி நகரக்கூடாது. என் மேற்பார்வையாளர் ஐம்பது வயது கடந்தவர். எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து பாதுகாப்புப் பிரிவுக்கு வந்தவர். எல்லோருக்கும் அவர் அண்ணன். மூன்றாம் நாள் ஒரு பழைய இரும்புத் தண்ணீர்த் தொட்டி. பல மாதம் மூடியே கிடந்தது. உள்ளே ரசாயனம் இல்லை, நாற்றம் இல்லை, வெறும் ஈரம். வெல்டர் ஏணியை இறக்கிவிட்டார். அண்ணன் அவர் தோளைப் பிடித்து நிறுத்தி, வாயு அளக்கும் கருவியை என் கையில் கொடுத்து, "படி தம்பி" என்றார். தொட்டியின் வாய்ப்பகுதியில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். குழாயைப் பாதி இறக்கினேன், "பொறு, காற்று மேலே வர நேரம் கொடு" என்றார். 19.7. அடிவரை இறக்கினேன். 19.5க்குக் கீழே போனதும் கருவி அலறத் தொடங்கியது, சிவப்பு விளக்கு, கையில் அதிர்வு. 17.8இல் வந்து நின்றது. உள்சுவர் முழுக்கத் துரு. துரு பிடிப்பது என்றால் இரும்பு ஆக்சிஜனைத் தின்பது. மூடிய தொட்டியில் அது மாதக்கணக்கில் தின்றிருக்கிறது.

"இதில் என்ன கணக்குப் போட்டாய்?" என்று கேட்டார் அண்ணன். ஒன்றும் போடவில்லை, படித்தேன் அவ்வளவுதான் என்றேன். "பின்னே எதற்குப் பயந்தாய்?" ஒரகடத்துக் கதையை முன்தினம் அவரிடம் சொல்லியிருந்தேன். காற்றாடியை வைத்து இரண்டு மணி நேரம் ஊதி, மறுபடி அளந்து 20.9 வந்த பிறகுதான் பர்மிட்டில் கையெழுத்துப் போட்டார். அன்று நடப்பிலிருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் 36ஆம் பிரிவும் அதைத்தான் சொன்னது: தகுதியுள்ள ஒருவர் தானே சோதித்து எழுத்தில் சான்று தர வேண்டும், இல்லையென்றால் சுவாசக் கருவியும் கயிறு கட்டிய பெல்ட்டும் போட்டுத்தான் இறங்க வேண்டும், கயிற்றின் மறுமுனை வெளியே ஒருவர் கையில் இருக்க வேண்டும்.

அந்த இருபத்தைந்து நாளில் எனக்குப் பிடிபட்டது, இந்தத் துறையில் எண்கள் இரண்டு ஜாதி என்பது. ஒரு ஜாதி, பார்த்துப் படித்து ஒரு கோட்டுக்கு மேலா கீழா என்று சொல்ல வேண்டியது: ஆக்சிஜன் 19.5க்கும் 23.5க்கும் நடுவே இருக்கிறதா, எரியும் வாயு, தீப்பிடிக்கத் தேவையான குறைந்தபட்ச அளவில் பத்து சதவீதத்துக்குள் இருக்கிறதா. சாலையில் வேகப் பலகை பார்ப்பது மாதிரிதான். இன்னொரு ஜாதி, உட்கார்ந்து கணக்கிட வேண்டியது. முதல் ஜாதியிலிருந்து யாரும் தப்ப முடியாது. இரண்டாவதிலிருந்து பெருமளவு தப்பலாம், வேலையைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால். சில கணக்குகளுக்கு உடம்பே போதும். சாய்த்து வைக்கும் ஏணி நாலு அடி உயரத்துக்கு ஒரு அடி வெளியே தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. அண்ணன் அதை அளந்ததே இல்லை. ஏணியின் அடியில் கால்விரலை வைத்து நிமிர்ந்து நின்று, கையைத் தோள் உயரத்தில் நேராக நீட்டுவார். உள்ளங்கை படியில் பட்டால் சாய்வு சரி.

எந்த வேலைகள் நம் போன்றவர்களுக்கு ஒத்துவரும் என்று கேட்பவர்களுக்கு, நான் பார்த்தவரையில் சொல்கிறேன். ஹோல் வாட்ச், வெல்டிங் நடக்கும் இடத்தில் தீ கவனிக்கும் ஃபயர் வாட்ச், பர்மிட் மேசை, புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாள் வகுப்பு எடுப்பது ஆகிய எல்லாமே கண்ணும் வாயும் கையெழுத்தும் சார்ந்தவை. சுகாதாரப் பக்கம் போனால் மருத்துவமனைக் கழிவு மேலாண்மை: 2016ஆம் ஆண்டு விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறத்தால் பிரிப்பது. ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சளுக்கு, குளுக்கோஸ் குழாய் சிவப்புக்கு, ஊசி வெள்ளைக்கு, கண்ணாடிக் குப்பி நீலத்துக்கு. பைகளின் எடையைத் தினமும் எழுத வேண்டும், அது தராசு சொல்வது. என் மாமா மகள் ஒருத்தி தஞ்சாவூரில் அந்த வேலையில் இருக்கிறாள்; கணக்கில் என்னைவிட மோசம், வேலையில் கெட்டிக்காரி. உணவகங்களிலும் கேன்டீன்களிலும் உணவுப் பாதுகாப்பு மேற்பார்வையாளர் வேலை இருக்கிறது. இருபத்தைந்து உணவு கையாள்பவர்களுக்கு ஒருவராவது ஃபோஸ்டாக் என்ற உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றவர் இருக்க வேண்டும் என்கிறது உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ. அங்கேயும் குளிர்பெட்டியின் வெப்பநிலையைப் படித்து எழுதுவதுதான். ஆனால் படிக்காமலே நேற்றைய எண்ணை எழுதும் பழக்கம் அந்த இடத்தில்தான் அதிகம். எனக்கு அந்தப் பழக்கத்தின் ருசி தெரியும் என்பதால் சொல்கிறேன்.

தள்ளி நிற்க வேண்டியவையும் உண்டு. 'இண்டஸ்ட்ரியல் ஹைஜீன்' என்ற பெயரைப் பார்த்து, துப்புரவு மேற்பார்வை என்று நினைத்துப் போய்விடாதீர்கள். நான் ஒரு நேர்காணலுக்கு அப்படிப் போய் அசடு வழிந்தேன். அது தூசியையும் சத்தத்தையும் புகையையும் தொழிலாளியின் உடம்பில் எவ்வளவு சேர்கிறது என்று கணக்கிடும் துறை. பம்பு நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் இழுத்தது, எத்தனை நிமிடம், வடிகட்டியில் எத்தனை மில்லிகிராம் என்று போகும். 90 டெசிபல் இயந்திரம் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் 180 ஆகாது, 93 ஆகும் என்று அந்த நேர்காணலில் சொன்னார்கள். அங்கேயே வணக்கம் சொல்லிவிட்டேன். கிரேன் வைத்துக் கனமான பொருளைத் தூக்குவதற்குத் திட்டம் போடுவதும், ரசாயன ஆலைகளில் இடர் கணிப்பதும் அதே ரகம்.

ஆனால் அந்த மாத அறிக்கை, என்னைத் துரத்தியடித்த அந்தத் தாள், எந்த சைட்டுக்குப் போனாலும் வரும். அதற்கு ஒரே வழி, ஒரு மாலை உட்கார்ந்து கற்றுக்கொண்டுவிடுவது. அண்ணன் ஒரு சிமெண்ட் பையின் காகிதத்தில் எழுதிக் காட்டினார். 120 பேர், நாளுக்கு 8 மணி, மாதத்தில் 26 நாள். மூன்றையும் பெருக்கினால் 24,960 மணி நேரம். வேலை இழப்புக் காயம் ஒன்று. அந்த ஒன்றைப் பத்து லட்சத்தால் பெருக்கி, 24,960ஆல் வகுத்தால் 40. அவ்வளவுதான். பத்து லட்சம் எதற்கு என்றால், சின்ன சைட்டையும் பெரிய சைட்டையும் ஒரே தராசில் வைக்க. மூன்று லட்சம் மணி நேரம் வேலை நடந்த பெரிய ஆலையில் மூன்று பேருக்கு அடிபட்டால் அங்கே 10. ஒரே ஒரு ஆணி குத்திய எங்கள் சைட்டில் 40. யார் ஆட்களை மோசமாக வைத்திருந்தோம் என்று அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் புரிந்தது. இந்த ஒரு பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் பயந்துதான் வேலையை இழந்தேனா என்று அன்றிரவு தூக்கமே வரவில்லை. எக்செல்லில் சூத்திரத்தைத் தொடாதீர்கள், நீங்கள் நிரப்ப வேண்டிய கட்டங்களுக்கு மட்டும் மஞ்சள் நிறம் அடித்துவைத்துக்கொள்ளுங்கள். அதற்கான எண்ணைக் கேட் பதிவேட்டிலிருந்து மட்டும் எடுங்கள். விடை போன மாதத்தின் எண்ணோடு அச்சு அசலாக ஒத்துப்போனால், அதுவே எதையோ தவறாகச் செய்திருக்கிறீர்கள் என்பதற்கு அடையாளம்.

அதன்பின் ஷட்டவுன் ஷட்டவுனாக அலைந்து, அனுபவ ஆண்டுகள் சேர்ந்ததும் இந்த முறை ஆணையின் நகலைப் பார்த்துவிட்டே அங்கீகாரம் பெற்ற டிப்ளமோவில் சேர்ந்து முடித்தேன். அதில் புள்ளியியல் பகுதி கொஞ்சம் இருந்தது, மயிரிழையில் தேறினேன். அம்மாவின் தோடு 2022இல் திரும்பி வந்தது. சங்கிலியை மீட்க முடியவில்லை, ஏலத்தில் போய்விட்டது. இப்போது 31,000 சம்பளம். காலையில் கேட் பதிவேட்டை ஐந்து ஐந்தாகக் கோடு போட்டு எண்ணுகிறேன், இரண்டு முறை. பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள்.

போன ஆண்டு ஒரு நாள் அந்த ஒடிசாக்காரரின் கூலியைக் கணக்குப் பார்த்தேன். அப்போது அவருக்கு நாளுக்கு 550. மூன்று நாளுக்கு 1,650. மருத்துவமனையில் பதிவு செய்தபோது வாங்கி வைத்திருந்த அவருடைய எண் என் பழைய டைரியில் இருந்தது. கூப்பிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று தமிழிலும் இந்தியிலும் சொன்னார்கள்.